சாக்குத்தலை

வேலை தேடி ரோட்டில் அலைகிறவர்களுக்குப் பலாக்கொல்லையில் மூன்று பெயர்கள் இருந்தன. தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருப்பவர்கள் ‘இறங்கினது’ என்பார்கள். மேல்மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்களாம். லொறிக்காரர்கள் ‘ஒருநேரம்’ என்பார்கள். ஒரு நேரச் சாப்பாட்டைக் காட்டினால் பொழுது சாயும்வரை மூட்டை சுமப்பான் என்று அதற்கு அர்த்தம். மூன்றாவது பெயர் ஜுனைதா வைத்தது. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள், மழை விட்டால் அதே சாக்குக்குள் சட்டியும் துணியும் கத்தியும் போகும். ஆகவே, சாக்குத்தலை. “இண்டைக்கி ரெண்டு சாக்குத்தல போதும்” என்று அவள் சொன்னது அண்டை வீடுகளுக்குப் பிடித்துப்போய், ஒரு மாதத்துக்குள் ஊர்ப்பேச்சாகிவிட்டது. தான் வைத்த பெயர் ஊரில் ஓடுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைப் பின்னால் நினைத்து நினைத்துக் கூசினாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. பாண் ரொட்டிக்கு விடியுமுன் வரிசை. அரிசியை ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டுபோகத் தடை. தோட்டங்களில் வேலை வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று சுருங்கி, லய வீட்டு வரிசைகளில் ஆட்கள் கீரையைப் பிடுங்கி அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அதுவும் முடிந்ததும் மாத்தளைக்கும் றத்தோட்டைக்கும் நடுவில் ரோடு முழுக்கச் சாக்குத்தலைகள். றத்தோட்டைப் பாதையில் நாலாம் மைல்கட்டை தாண்டி இடப்பக்கம் இறங்கினால் பலாக்கொல்லை. இறங்கியதும் முதல் வளவு ஸெய்னுலாப்தீனுடையது. அதனால் கேட்க வருகிறவர்கள் முதலில் அங்கேதான் கேட்டார்கள்.

ஸெய்னுலாப்தீன் பள்ளிவாசல் மத்திச்சம். ஊர் வழக்கு, நிக்காஹ், ஜனாஸா, ஸக்காத் பங்கீடு என்று அவருக்கு எப்போதும் வெளி வேலை. மூன்று ஏக்கர் கொக்கோவையும் வேலைக்காரரையும் பார்ப்பது மனைவி ஜுனைதாதான். அவள் பொல்லாதவள் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பது போல, அந்தப் புரட்டாசி கடைசியில் பாதிக் கூலிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மூன்று பேரை அவள் பிடித்துக்கொண்டாள். மூவரும் ஒன்றாக வந்தவர்கள். நல்லம்மா, ஐம்பது தாண்டிய கைம்பெண். ரபாயேல், கழுத்தில் கறுத்த கயிற்றில் சிலுவை போட்ட வாலிபன். மூன்றாவது ஆள் நெட்டையாய், கன்னம் ஒட்டி, தாடி நரைத்து இருந்தார். அவரிடம் ஜுனைதா பெயர் கேட்கவில்லை. நெட்டையன் என்றே கூப்பிட்டாள், அவரும் திரும்பிப் பார்த்தார். படுக்கக் கொக்கோக் கொட்டிலைக் கொடுத்தாள்.

அவர்கள் வந்து மூன்றாம் நாள் நோன்பு தலைப்பிறை தென்பட்டது.

கொக்கோ வேலையில் ஒரு சுகம் உண்டு. மரத்திலிருந்து கொக்கத்தடியால் காய்களை அறுத்துக் குவித்து, சுற்றி உட்கார்ந்து பொல்லால் தட்டி உடைத்தால், உள்ளே கொட்டைகளைச் சுற்றி வெள்ளைச் சதை இருக்கும். புளிப்பும் இனிப்புமாக வாயில் கரையும். உடைக்கிறவர்கள் நாலு காய்க்கு ஒரு கொட்டையாவது சூப்பாமல் இருக்க மாட்டார்கள், எந்த முதலாளியும் அதைக் கணக்கெடுப்பதில்லை. நல்லம்மா சூப்பினாள், ரபாயேல் சூப்பினான். நெட்டையன் மட்டும் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. ஜுனைதா அதைக் கவனித்தாள். ‘சாக்குத்தலைக்கு வந்த ரோசத்தைப் பார்’ என்று மகள் றம்லாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

கவனிக்க இன்னும் எவ்வளவோ இருந்தது, அவள் எல்லாவற்றையும் கவனித்தாள். அவளுடைய கண்ணில் குறையில்லை. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொடுத்தால், நெட்டையன் தன் பங்கை நல்லம்மாவின் தகர டின்னுக்குள் போட்டுவிட்டு மூங்கில் பற்றைக்குப் பின்னால் ஓடையடிக்குப் போவார், போனால் வர நேரமெடுக்கும். பின்னேரம் அஸர் நேரத்திலும் அப்படியே. மற்ற இருவரும் அவரைப் பேசும்போது ‘அவரு’ என்றார்கள். ரபாயேல் தான் குடிக்கும் பீடியை அவருக்கு முன்னால் அணைத்தான். ஒருமுறை நல்லம்மா வாய் தவறி ‘நானா’ என்று கூப்பிட்டு, ஜுனைதா நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். முஸ்லிம் ஆண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருந்தும் ஜுனைதாவுக்கு அது உறைக்கவில்லை. அவள் அறிந்தவரை சாக்குத்தலை என்றால் லயத்து ஆள், லயத்து ஆள் என்றால் கோவில் அல்லது மாதா கோவில். அந்தச் சொல்லுக்குள் வேறு ஆளுக்கு இடமே இருக்கவில்லை.

ஓடையடிக்குப் போவதை அவள் சும்மா விடவில்லை.

“மொகம் கழுவ அர மணித்தியாலமா? போன நேரத்துக்கு அந்திக்கி நிண்டு செஞ்சிட்டுப் போ” என்றாள்.

அவர் சரியென்று தலையாட்டினார். அன்றிலிருந்து மற்ற இருவரும் கை கழுவிய பிறகு, காய்க்கோதுகளைக் கூடையில் சுமந்து குழியில் கொட்டும் வேலை அவருக்கு. பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது ஜுனைதாவும் றம்லாவும் உள்ளே பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வெளியே அவர் கூடையோடு நடப்பார். ஒருநாள் பாங்கு தொடங்கியபோது அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். அவர் கூடையை இறக்கி வைத்து, மடியிலிருந்து ஒரு கொக்கோக் கொட்டையை எடுத்து, உதடு அசைய என்னவோ சொல்லி, வாயில் போட்டுக்கொண்டார். பகல் முழுக்கத் தொடாதவன், நாங்கள் நோன்பு திறக்க உள்ளே போன நேரம் பார்த்துக் களவெடுக்கிறான் என்று அவள் வயிறெரிந்தாள்.

பதினைந்தாம் நோன்போடு அவருடைய மத்தியானப் பங்கை நிறுத்தினாள். தின்னாத வாய்க்கு எதற்கு என்பதே அவள் நியாயம். நல்லம்மா கையைப் பிசைந்துகொண்டு, அவரு ராவைக்குச் சாப்பிடுவாருங்க, எடுத்து வைக்கிறேனுங்க என்று கெஞ்சிப் பார்த்தாள். ராவைக்குச் சாப்பாடு பேச்சில் இல்லையே என்று ஜுனைதா சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவர் வந்து, எனக்குக் கூலிக்குப் பதில் அரிசி தந்தால் போதும் என்று கேட்டார். அரிசி பொன்னாயிருந்த காலம். ஜுனைதா பின்னறைக்குப் போய், கோழிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த குறுணலை அளந்தாள். இரண்டரைக் கொத்து. பாதி கல், பாதி வண்டு. சாக்குத்தலைக்கு இது போதும் என்று வாய்விட்டே சொன்னாள். அவர் சால்வைத் துண்டில் அதை வாங்கி முடிந்துகொண்டார். அன்று மாலை நல்லம்மா வந்து சுளகு கேட்டாள். ஓரம் பிய்ந்த பழைய சுளகைக் கொடுத்தாள்.

இருபத்தாறாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு வெயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. கிழக்கே இடிமழை கட்டிக்கொண்டு நின்றது, காற்று அசையவில்லை. மழைக்கு முன் மேல்வரிசைக் காய்களை இறக்கிவிட வேண்டும் என்று ஜுனைதா நின்று விரட்டிக்கொண்டிருந்தாள். நெட்டையன் அண்ணாந்து கொக்கத்தடியை மாட்டியவர், மாட்டியபடியே முழங்கால் மடிந்து காய்க்குவியலின் மேல் சரிந்தார்.

வேலைக்காரருக்கென்று வைத்திருந்த தகரக் கோப்பையில் தண்ணீர் மொண்டுகொண்டு ஜுனைதாதான் முதலில் ஓடினாள். அதை மறைக்கக் கூடாது, அவள் ஓடத்தான் செய்தாள். தலையைத் தூக்கி வாயில் வார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டை இறுக்கி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். தண்ணீர் தாடியில் வழிந்தது. ஜுனைதாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

“எங்கட கைத்தண்ணி ஆகாதோ? ரோட்டுல கெடந்தவனுக்கு சாதி கேக்குதோ?” என்றாள்.

நல்லம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வந்த இத்தனை நாளில் அவள் ஜுனைதாவைத் தொட்டது அப்போதுதான்.

“ஊத்தாதீங்கம்மா. அவரு நோம்பு.”

ஜுனைதாவுக்கு விளங்கவில்லை.

“மொத நாள்லேருந்து புடிக்கிறாரும்மா. ஒங்காளுங்கதான். எங்க தோட்டத்துல கடை வச்சிருந்தவரு.”

மீதியை ரபாயேல் சொன்னான். தோட்டத்தில் பட்டினி வந்தபோது, கடையில் இருந்த மாவையும் பருப்பையும் லயத்துக்கு அவித்துப் போட்டே இந்த மனிதர் கடையைக் காலி பண்ணினார். கடைசியில் அவருக்கும் போக இடமில்லை, அவர்களோடேயே இறங்கிவிட்டார். அவருடைய மத்தியானப் பங்கைத்தான் நோன்பு திறக்கவும் ஸஹருக்கும் அவர்கள் எடுத்து வைத்தார்கள். அது நின்றபிறகு தங்கள் பங்கில் பாதியை வைத்தார்கள். விடியுமுன் எழுப்பிவிடுவது நல்லம்மாவின் வேலை. குற்றம் சாட்டும் குரலில் அவன் பேசவில்லை. அதுதான் ஜுனைதாவால் தாங்க முடியாமல் இருந்தது.

மூங்கில் பற்றை, அஸர் நேரம், மடியிலிருந்த கொட்டை, அசைந்த உதடு எல்லாம் அவளுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கையிலிருந்த தகரக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். சீக்காளிக்கு நோன்பை விட அனுமதி உண்டே, குடியுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். முதல்முறையாக ‘ங்கள்’ போட்டாள்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். “இன்னும் கொஞ்ச நேரந்தானே ராத்தா” என்றார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடும் சொல். அதுவரை அவரும் மற்றவர்களைப் போல அம்மா என்றுதான் சொல்லியிருந்தார்.

பெயர் கேட்டாள். யஹ்யா என்றார்.

அன்று மாலை நல்ல பீங்கானில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த நாட்களில் ஸஹருக்குச் சோறும் கருவாடும் மூடி அனுப்பினாள். உச்சிவெயில் வேலையை நிறுத்தினாள். ஆனால் கணவரிடம் மூச்சு விடவில்லை. மத்திச்சம் வீட்டில் ஒரு நோன்பாளியைப் பட்டினி போட்டார்கள், பாங்கு நேரத்தில் கூடை சுமக்க வைத்தார்கள் என்று ஊர் பேசினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெட்கத்தில் பாதி அவருக்காக, பாதி தன் முகத்துக்காக. எது பெரிய பாதி என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கும் மேலே ஒரு பயம் இருந்தது. ஆண்டவனுக்குச் செய்த பிழையை ஆண்டவன் மன்னிப்பான், அடியானுக்குச் செய்ததை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று எத்தனை பயானில் கேட்டிருக்கிறாள். பெருநாளைக்கு முன் யஹ்யாவின் வாயால், பொறுத்துவிட்டேன் என்பதற்கு ஹலால் என்ற ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். அது வாங்காமல் அவளுக்குப் பெருநாள் இல்லை.

பிறை கண்ட மாலை, பள்ளியில் தக்பீர் கேட்கத் தொடங்கியது. ஃபித்ரா அரிசி கொடுக்கிற நேரம். உள்ளவர்கள் தலைக்கு இரண்டரைக் கொத்து அளந்து, பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குச் சேர்த்துவிட வேண்டும். ஊரின் ஃபித்ரா எல்லாம் மத்திச்சம் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில்தான் வந்து குவியும். ஜுனைதா தங்கள் வீட்டுப் பங்கிலிருந்து நல்ல நாட்டரிசியாக ஒரு புதுப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். மற்ற இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். யஹ்யா வாசலுக்கு வந்தார்.

அவள் பெட்டியை நீட்டினாள். தெரியாமல் நடந்தது, மன்னித்து ஹலாலாக்கிவிடுங்கள் என்றாள். சொல்லும்போது அழுதாள்.

அவர் பெட்டியை வாங்கவில்லை. அரிசியைப் பார்த்தார்.

“ஃபித்ராவா ராத்தா?”

“ஓம்.”

“இதுக்குத்தான் நான் பேரு சொல்லல” என்றார். “நோம்பு மாசத்துல வெளியூரு முஸ்லிம் வந்து நின்னா வேற என்னான்னு நெனப்பாங்க? மிஸ்கீன், ஸக்காத்துக்கு வந்திருக்கான்னு இஸ்தோப்புல குந்த வச்சி ஒரு பிடி அரிசி போடுவீங்க. சாக்குத்தலைன்னா வேலையாச்சும் குடுப்பீங்க. ரெண்டு பேருல எனக்கு அதுதான் நல்லதாப் பட்டிச்சு.”

அவள் வைத்த பெயர் அவர் காதுவரை போயிருக்கிறது. போகாமலா இருக்கும்? இத்தனை நாளும் அவர் முன்னால்தானே சொன்னாள்.

“நான் மனசுல ஒண்ணும் வைக்கல. எம்பங்கு ஹலால்தான்” என்றார். ஜுனைதா மூச்சு விட்டாள். ஆனால் அவர் முடிக்கவில்லை. “நல்லம்மாட்டயும் தம்பிட்டயும் கேட்டுக்கங்க. நான் நோம்புக்குப் பசி கெடந்தேன், எனக்குக் கூலி அல்லா தருவான். அவங்க பாதி வயித்தோட கெடந்தது ஒங்க வேலைக்கு.”

அடுப்படியில் நல்லம்மா விறகை ஊதிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்தால் போதும். ஜுனைதாவின் கால் எழவில்லை. ஒரு முஸ்லிம் மனிதரிடம் அழுது மன்னிப்புக் கேட்க முடிந்த அவளுக்கு, ஒரு லயத்துப் பொம்பிளையிடம் அந்தச் சொல்லைச் சொல்ல நா வரவில்லை. இதுவரை பட்டதெல்லாம் என்ன வெட்கம்? நெட்டையன் முஸ்லிமாக இல்லாதிருந்தால் அதுவும் வந்திருக்காது என்பது அந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்த பிறகும் கால் எழவில்லை.

யஹ்யா உள்ளே போய்ச் சால்வை முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

“இது என்னோட ஃபித்ரா. சேர்த்துருங்க.”

“ஒங்களுக்குக் கடமயில்லயே” என்றாள்.

“தெரியும் ராத்தா. கடை இருந்த காலமெல்லாம் குடுத்தேன். இந்த வருஷம் விட்டா, அடுத்த வருஷம் வாங்குற கையாப் போயிரும்.”

முடிச்சின் கனத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டரைக் கொத்து. அவர் மயங்கி விழுந்த அன்றும் இந்த அரிசி கொட்டிலுக்குள் இருந்திருக்கிறது.

இஸ்தோப்பில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஸெய்னுலாப்தீன் ஒவ்வொரு வீட்டு அரிசியையும் தொட்டுப் பார்த்துச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார். சால்வை முடிச்சை அவிழ்த்தவர் முகம் சுளித்தார்.

“ஆரு இந்தக் குறுணலக் கொண்டு வந்த? ஃபித்ராக்கு நாம திங்கிற அரிசி குடுக்கோணும் எண்டு ஜும்ஆவுல சொல்ல வெச்சேன் தானே.”

“ஒரு ஆள் தந்த. யஹ்யா எண்டு.”

“கோழிக்குப் போடுறதக் கொண்டு வந்து ஏழைக்குக் குடுக்க அந்த மனிசனுக்கு வெக்கமில்லயா?”

ஜுனைதா தூணைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கில்ல. நமக்குத்தான். அத அவருக்குக் கூலியாக் குடுத்த நான்தான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூங்கில் பற்றையையும் கூடையையும் நிறுத்திய மரவள்ளிக்கிழங்கையும், ஒன்றையும் மிச்சம் வைக்காமல். ஸெய்னுலாப்தீன் கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் இரண்டு முறை பார்த்தார். அவள் முடித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்.

“ஆருக்கும் தெரியவாணாம், புள்ள.”

ஜுனைதா தூணை விட்டாள். கொட்டிலிலிருந்து திரும்பக் கொண்டுவந்த பெட்டி நாட்டரிசியை இரண்டரைக் கொத்து அளந்து, இது யஹ்யாவுடைய ஃபித்ரா என்று சொல்லிச் சாக்கில் கொட்டினாள். குறுணலை அடுக்களைக்கு எடுத்துப் போனாள்.

சுபஹுக்குப் பிறகு, வெளிச்சம் வந்ததும், ஒரு முடிவோடுதான் கொட்டிலுக்கு நடந்தாள். ராத்திரி முழுக்க அந்தச் சொல்லை நல்லம்மாவுக்கென்று சொல்லிப் பார்த்திருந்தாள். கொட்டில் கூட்டித் துப்புரவாக இருந்தது. அடுப்புச் சாம்பலும் அள்ளப்பட்டிருந்தது. ஓரம் பிய்ந்த சுளகு சுவரில் சாய்ந்திருந்தது, பிய்ந்த இடம் நாரால் கட்டப்பட்டிருந்தது. புளிக்கப் போட்ட கொக்கோக் கொட்டைகளை அன்று காலை புரட்டிப்போட வேண்டிய முறை. வாழையிலையை நீக்கிப் பார்த்தாள். புரட்டி, புது இலையால் மூடியிருந்தார்கள். ரோட்டுக்கு ஏறி இரண்டு பக்கமும் பார்த்தாள். மாத்தளைப் பக்கம் பெருநாள் உடுப்போடு ஆட்கள் நடந்தார்கள். சாக்கு போட்ட ஒருவரும் தெரியவில்லை.

திரும்பி வந்து அந்தக் குறுணலைச் சமைத்தாள். பெருநாள் காலையில் இதென்ன என்று றம்லா கேட்டாள். ஸெய்னுலாப்தீன் கேட்கவில்லை. சஹனில் குவித்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த அரிசி எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கல்லுக்குப் பயந்து ஒவ்வொரு வாயையும் மெல்ல மென்றார்கள்.

சஹன் துடைத்ததாயிற்று. அந்த மனிதர் பட்டினியோடு உட்கார்ந்து பொறுக்கிய அரிசியில் ஒரு கல்கூட இல்லை. ஒரேயொரு கல்லாவது பல்லில் பட்டிருந்தால் ஜுனைதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.